ஓராண்டோடு முடிகிற நோய் இல்லை இது: மலைத்தோட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தின் தமிழக எல்லையோர மலைத்தோட்டப் பகுதிகளில் சுகாதாரம், தொழிலாளர் நலம், பேரிடர் மேலாண்மை ஆகிய பொறுப்புகளில் இருக்கும் அதிகாரிகளுக்கும், எஸ்டேட் நிர்வாகங்களுக்கும்,

எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்த மனநல ஆலோசகர் இனி வரமாட்டார் என்று அறிவித்திருக்கிறீர்கள். மண்சரிவு நடந்து ஓராண்டு ஆகிவிட்டது, தேவை குறைந்துவிட்டது என்பது நீங்கள் சொல்லும் காரணம். அதே வாரத்தில், காலையில் வருகை எடுத்து வேலை பிரிக்கும் இடத்தில் இருக்கும் மஸ்டர் பலகையில் இன்னொரு தாளும் ஒட்டப்பட்டது. மழை எச்சரிக்கை நாட்களில் வேலைக்கு வராதவர்கள் மருத்துவச் சான்று கொடுக்காவிட்டால் காரணமில்லாத லீவாக எழுதப்படும் என்கிறது அது. நாங்கள் தமிழ் பேசுகிறவர்கள், இரண்டும் மலையாளத்தில் மட்டுமே இருந்தன. மனநல ஆலோசகரை நிறுத்திவிட்டு மருத்துவச் சான்று கேட்கிறீர்கள். இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள எங்களால் முடியாது.

எழுதுகிற நாங்கள் மண்சரிவில் பிழைத்தவர்கள், அவர்களோடு ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள், அவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்கள். எங்களில் யாருடைய கதையும் இந்த மடலில் இல்லை. முகாமுக்கு முகாம், வருகிற ஒவ்வொரு குழுவிடமும் அந்த ராத்திரியைச் சொல்லச் சொல்லி எங்கள் ஆட்களைக் களைக்க வைத்தாயிற்று. உங்களுக்குத் தேவையானது இன்னொரு கதை இல்லை. இந்த நோய் எப்படி வேலை செய்கிறது, அதற்கு என்ன செய்யலாம், எங்கே கெட்டுப்போகிறது என்பதுதான்.

ஓராண்டுக் கணக்கு நிவாரணக் கோப்பை மூடுவதற்குச் சரியாக இருக்கலாம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய், டாக்டர்கள் சீட்டில் பி.டி.எஸ்.டி. என்று எழுதுவது, அந்தக் கணக்குக்குள் அடங்காது. முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் பதறுவதும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், பலருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் வேலையையும் வீட்டையும் குலைக்கும் அளவுக்கு நின்றால்தான் அதற்கு இந்தப் பெயர். சிலருக்கு அது முழுதாக வெளிப்படவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். மருத்துவ வகைப்பாட்டிலேயே தாமதமாக வெளிப்படுவது என்று தனியாகக் குறித்திருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் அதற்கான காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் மாதங்கள் முழுக்க உடலைத் தேடுவது, அடக்கம், இழப்பீட்டுக் காகிதம், மாற்று வீடு என்று ஓட்டமாகவே போகும். எல்லாம் அடங்கி, சொந்தக்காரர்கள் கயத்தாறுக்கும் கம்பத்துக்கும் திரும்பிப் போன பிறகுதான் பலருக்குத் தொடங்கும். நோய் வந்தவர்களில் ஓராண்டுக்குள் குணமாகிறவர்கள் அதிகபட்சம் 40 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டு முடியும்போதும் நோயோடு இருக்கிறார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? நீங்கள் கைவிட்டிருப்பது அவர்களைத்தான்.

நிறுத்திய மாதத்தையும் பாருங்கள். கேரள மலைகளில் புத்துமலையும் கவளப்பாறையும் சரிந்தது 2019 ஆகஸ்ட் 8. பெட்டிமுடி 2020 ஆகஸ்ட் 6 இரவு. லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் போனார்கள். முண்டக்கையும் சூரல்மலையும் 2024 ஜூலை 30 விடியும் முன். மலை சரிவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையில்தான், நோய் முற்றுவதும் அதே மழையில்தான். பிப்ரவரியில் ஆளைப் பார்த்து, சிரித்துப் பேசுகிறார், குணமாகிவிட்டார் என்று எழுதிவிட்டு, ஜூன் பிறக்கும்போது ஆலோசகரை நிறுத்துவது இந்த நோயைப் புரிந்துகொள்ளாத ஒருவர் எடுத்த முடிவு.

நடந்ததை நினைத்து வருத்தப்படுவது ஒன்று. இந்த நோயில் நடப்பது வேறு. ஆள் அதை நினைப்பதில்லை, திரும்பவும் அதற்குள் போய் நிற்கிறார். தகரக் கூரையில் மழை வேகமெடுக்கும் சத்தம், கரண்டு போவது, ராத்திரியில் ஜீப் ஏறி வருவது, ஜே.சி.பி. மண் தோண்டும் ஓசை, கிளறிய ஈரமண்ணின் வாடை, டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுவது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை விறைக்கும், காது அடைக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அது ஓரிரு நிமிடத்திலும் முடியலாம், கால் மணி நேரமும் நீடிக்கலாம். முடிந்த பிறகு உடம்பில் ஒரு துளி சக்தி இருக்காது. எது தூண்டியது என்று அவருக்கே பல நேரம் தெரிவதில்லை. அதனால்தான், "சும்மா நின்னுக்கிட்டிருந்தவனுக்கு திடீர்னு என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு அவரால் பதில் சொல்ல முடிவதில்லை.

சூப்பர்வைசர்களின் கண்ணுக்கு இதெல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது. சரிவான ஃபீல்டுக்குப் போகச் சொன்னால் மறுப்பது திமிராகத் தெரிகிறது. மேட்டுக்கு முதுகைக் காட்டி நிற்க முடியாமல் அடிக்கடி திரும்பிப் பார்ப்பதால் கொழுந்து எடை குறைகிறது, அது சோம்பலாகத் தெரிகிறது. ராத்திரி முழுக்க மழையைக் கேட்டு விழித்திருந்து மூன்று நான்கு மணிக்குக் கண்ணயர்ந்தவர் காலை மஸ்டருக்குப் பிந்துகிறார், அது ஒழுங்கின்மை ஆகிறது. சொன்ன வேலை மறந்துபோகிறது, சின்ன விஷயத்துக்குக் கோபம் வெடிக்கிறது. இன்னும் சிலர் எதற்கும் அழுவதுமில்லை, சிரிப்பதுமில்லை. பெற்ற பிள்ளையிடமே ஒட்டுதல் விட்டுப்போனதாகச் சொல்கிறார்கள். இவர்களைத்தான் ஊர் முதலில் கல்நெஞ்சு என்று பேசுகிறது. நினைவு நாள் கூட்டத்துக்கு வராதவர்களை, செத்தவர்களை மறந்துவிட்டார்கள் என்று ஏசுகிறது. வராமல் இருப்பது மறந்ததால் இல்லை, மறக்க முடியாததால். தவிர்ப்பதே நோயின் ஒரு பாதி. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் பெருகும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தத் தவிர்ப்பை உடைப்பது பயிற்சி பெற்றவரோடு படிப்படியாகச் செய்யும் சிகிச்சை. மஸ்டர் பலகையில் ஒட்டும் தாள் அதைச் செய்யாது.

குடும்பங்களிலும் தவறு நடக்கிறது. "தைரியமா இரு" என்பதும், "உன்னைவிட அதிகமா இழந்தவங்க நல்லாத்தானே இருக்காங்க" என்பதும் அன்பில் சொல்லப்பட்டவைதான், ஆனாலும் ஆளை வாயடைக்க வைக்கின்றன. கோடாங்கியிடம் போய்க் கயிறு கட்டுவதை நாங்கள் இழிவாகப் பேச மாட்டோம். கட்டிக்கொண்டு மருந்தையும் சாப்பிடட்டும். மருந்தை நிறுத்தினால்தான் கயிறு பலிக்கும் என்று சொல்கிற இடத்தில்தான் எங்களுக்குச் சண்டை.

இப்போது சிகிச்சைக்கு வருகிறோம். அதிகம் கெட்டுப்போவது இங்கேதான்.

ஒருநாள் முகாமில் ஆட்களை வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவராக நடந்ததைச் சொல்லச் சொல்வது பலன் தராது என்று உலக வழிகாட்டுதல்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன, சிலருக்கு அது கேடாகவும் முடிகிறது. கிளறிவிட்டுப் போகிறவர் அடுத்த வாரம் வருவதில்லை, கிளறப்பட்டவர் அன்று ராத்திரி அதே லயத்தில் தனியாகக் கிடக்கிறார். பலன் தருவது பேரதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சை. பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள், வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், கடைசிவரை அதே சிகிச்சையாளர். மாதம் ஒருமுறை, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று நீங்கள் நடத்தியதே இதற்குப் போதாது. அதையும் இப்போது எடுத்துவிட்டீர்கள்.

மொழியில் சமரசமே இல்லை. சந்தையில் பேசுகிற அளவுக்கு எங்கள் ஆட்களுக்கு மலையாளம் வரும், சிலருக்கு நன்றாகவே வரும். ஆனால் மண்ணுக்குள் கையை விட்டுப் பிள்ளையைத் தேடிய நேரத்தை யாரும் இரண்டாம் மொழியில் சொல்ல மாட்டார்கள். மொழிபெயர்க்க சூப்பர்வைசரையோ பள்ளிக்கூடம் போகும் மகளையோ உட்கார வைக்கிறீர்கள். சூப்பர்வைசர் முன்னால் ஒருவர், "எனக்கு மேட்டு ஃபீல்டுன்னா நடுங்குது" என்று சொல்வாரா? தாய் தன் மகளிடம், "செத்துடலாம்னு தோணுது" என்று சொல்லி, அதை மகள் டாக்டரிடம் திருப்பிச் சொல்ல வேண்டுமா?

மருந்து விஷயத்தில் இரண்டு தவறுகள் தொடர்ந்து நடக்கின்றன. தூக்கமில்லை என்றதும் டயசிபாம், அல்பிரசோலம் போன்றவற்றை எழுதி, மாதக்கணக்கில் தொடர விடுவது முதல் தவறு. அவை அன்றைய ராத்திரியைக் கடத்தும், நோயைத் தொடாது, பழக்கமாகிவிடும். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும் ஆபத்தும் உண்டு. இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளை விளக்கம் சொல்லாமல் கொடுத்தனுப்புவது இரண்டாவது. முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலும் வயிற்றுக் கோளாறும் படபடப்பும் வரலாம், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரமாவது ஆகும். இதை யாரும் சொல்லாததால் பத்தாம் நாள், "இது எனக்குச் சேரலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். தொடர்கிறவர்களுக்கும் 15 நாள் மாத்திரைதான் கிடைக்கிறது. வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போச்சு, ஜீப்புக்குக் காசு வேறு. மழையில் மூணாறு பக்கத்து மலைச்சாலையான கேப் ரோடு மூடினால் அதுவும் இல்லை. திடீரென்று நின்றுபோன மாத்திரை தலைசுற்றலையும் எரிச்சலையும் கெட்ட கனவையும் கொண்டுவரும், உடனே நோய் முற்றிவிட்டதாகவோ ஆள் நடிப்பதாகவோ முடிவு கட்டுகிறார்கள்.

போனில் பேசலாமே என்கிறீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் சேவையின் 14416 என்ற இலவச எண் 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது, எந்த நேரமும் பேசலாம், மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். நல்ல ஏற்பாடு, நாங்களே எல்லோருக்கும் அந்த எண்ணை எழுதிக் கொடுக்கிறோம். சாகத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் அழைப்பதும் அதைத்தான், ஆளைத் தனியாக விடாமல். ஆனால் லயத்து வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும், மழை வலுத்தால் டவரும் போய்விடும். டிஸ்பென்சரியில் கதவு மூடுகிற ஒரு அறையும் நிலையான ஒரு இணைப்பும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

வேலைத்தளத்தில் ஒருவர் திடீரென்று பழையபடி அந்த ராத்திரிக்குள் போய் நிற்கும் நிலை வந்தால் சுற்றியிருப்பவர்கள் செய்வதில் பெரும்பாலானவை தீங்கு. பின்னாலிருந்து கட்டிப் பிடிப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது, இருபது பேர் சூழ்ந்து நின்று கத்துவது. சாவி வலிப்புக்கும் உதவாது என்பது வேறு. செய்ய வேண்டியது எளிது. தெரிந்த ஒருவர் மட்டும் அவர் பார்வை படும் இடத்தில், ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். அவர் பெயரைச் சொல்லி, தன் பெயரையும் சொல்லி, "இது பகல் நேரம், நாம ஃபீல்டுல இருக்கோம், மண் சரியலை" என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கால் தரையில் ஊன்றியிருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவதைக் கூடவே செய்து காட்டுங்கள். கேட்காமல் தொடாதீர்கள். என்ன ஞாபகம் வந்தது என்று விசாரிக்காதீர்கள். அடங்கியதும் அரை மணி நேரம் உட்காரட்டும், ஒரு சாயா குடிக்கட்டும், மிச்ச நேரம் நிழலான பக்கத்தில் வேலை கொடுங்கள். நினைவு தப்பினாலோ, கைகால் வெட்டி இழுத்தாலோ, நெஞ்சுவலி கையிலோ தாடையிலோ பரவினாலோ அது வேறு விஷயம், அப்போது காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். இவ்வளவையும் சூப்பர்வைசர்களுக்கும் ஜீப் டிரைவர்களுக்கும் அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

சைரன் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எச்சரிக்கைச் சைரன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அது உயிர் காக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் அதை ஒலிக்கவிடுவதைத்தான் எதிர்க்கிறோம். சோதனை எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், முடிந்ததற்கு அடையாளம் என்ன என்பதை மூன்று நாள் முன்னதாகத் தமிழில் லயம் லயமாகச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நோய் உள்ளவர்கள் ஒரு வாரத் தூக்கத்தை இழப்பார்கள். அதைவிட மோசம், பொய்ச் சைரன் என்று பழகிப்போன மற்றவர்கள் நிஜமாக ஒலிக்கும் நாளில் எழுந்து ஓட மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு முக்கியமானது ஒன்று உண்டு. பயம் எப்போதும் நோய் இல்லை. சரிந்த மலைக்கு அடுத்த மலையின் அடியில், அதே மாதிரி லயத்தில் படுக்க வைத்துவிட்டு, "உங்க பயத்துக்குக் காரணம் இல்லை" என்று எந்த ஆலோசகரும் சொல்ல முடியாது, சொன்னால் அது பொய். ஆபத்து முடிந்துவிட்டது என்பதை மூளைக்கு மறுபடி கற்றுக்கொடுப்பதுதான் சிகிச்சை. ஆபத்து முடியாத இடத்தில் அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. 24 மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டரைத் தாண்டினால் மிகக் கனமழை, 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை என்பது வானிலைத் துறையின் அளவு. மாவட்டம் முழுமைக்கும் வரும் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையிலிருந்து எங்கள் மலையில் எவ்வளவு பெய்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு லயக் குடியிருப்பிலும் ஒரு மழைமானி, அதை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பலகையில் எழுத ஓர் ஆள், எந்த அளவு வந்தால் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த முடிவு: இவை இருந்தால் ராத்திரி முழுக்க ஐம்பது பேர் விழித்திருந்து மழையைக் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் சார்பில் ஒருவர் விழித்திருக்கிறார் என்ற உறுதி பலருக்கு மாத்திரையைவிட நன்றாகத் தூக்கம் தரும்.

குழந்தைகளிடம் நோய் வேறு உருவத்தில் வரும். படுக்கையில் மூத்திரம் போவது, அம்மாவை விட்டு விலக மறுப்பது, மண்ணைக் குவித்து வீட்டை மூடும் விளையாட்டையே திரும்பத் திரும்ப விளையாடுவது. அங்கன்வாடி டீச்சர்களுக்கு இதைத் தெரியப்படுத்துங்கள். அடித்துத் திருத்துகிற விஷயம் இல்லை இது.

நாங்கள் கேட்பது தயவு இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அரசு நடத்தும் மனநல சேவையைப் பெறும் உரிமையை 18ஆம் பிரிவில் ஒவ்வொருவருக்கும் தருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மன நோயையும் பட்டியலில் வைத்திருக்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு. தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ளவும் அதே மொழியில் பதில் பெறவும் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இடம் கொடுக்கப்பட்டது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

நிறுத்திய ஆலோசகர் வருகையை உடனே தொடங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை, தமிழ் பேசும் ஒரே ஆள், ஒருவருக்குக் குறைந்தது 12 அமர்வு முடியும்வரை மாற்றாமல். குடும்பத்தாரையோ வேலையில் மேலே இருப்பவரையோ மொழிபெயர்க்க உட்கார வைக்கக் கூடாது. முகாம்களில் யாரையும் நடந்ததைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது.

மனநல மருந்துகள் எஸ்டேட் டிஸ்பென்சரியிலேயே 30 நாளுக்கு ஒருசேரக் கிடைக்க வேண்டும். மழைக்காலத்தில் கூடுதலாக 15 நாள் இருப்பும் வேண்டும்.

மழை நாள் சான்று உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். சிகிச்சையில் இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு சான்று போதும். அது டிஸ்பென்சரியில் இருக்கட்டும். வேலை ஒதுக்குபவருக்கு, "இவருக்கு இன்று மாற்று ஃபீல்டு" என்ற குறிப்பு மட்டும் போகட்டும், நோயின் பெயர் போகக் கூடாது. போடிமெட்டு இறங்கித் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், குமுளி தாண்டிக் கம்பத்திலும் பார்த்துக்கொள்கிறவர்களின் சீட்டையும் எல்லையைக் காரணம் காட்டித் தள்ளாமல் ஏற்க வேண்டும். எச்சரிக்கை நாட்களில் சரிவான ஃபீல்டுகளுக்குப் பதில் ஃபேக்டரி, நர்சரி, தரை மட்ட வேலைகளை இவர்களுக்கு முதலில் ஒதுக்குங்கள். கூலியைக் குறைக்காதீர்கள்.

சூப்பர்வைசர், டிரைவர், அங்கன்வாடி ஊழியர், ஆஷா பணியாளர் ஆகியோருக்கு மழைக்கு முன் அரை நாள் பயிற்சி நடத்துங்கள். சொல்லித்தர எங்களில் தகுதி உள்ளவர்கள் கூலி வாங்காமல் வருவார்கள்.

சைரன் சோதனைக்கு மூன்று நாள் முன்னறிவிப்பு, லயம்தோறும் மழைமானியும் பலகையும், ஆபத்தான சரிவுகளின் கீழுள்ள லயங்களின் பட்டியலும், அவற்றைக் காலி செய்து மாற்று வீடு கொடுக்கும் தேதியும் எழுத்தில் வேண்டும். தேதி இல்லாத வாக்குறுதி வேண்டாம்.

இந்த மடலுக்கான பதில் தமிழில், கையெழுத்தோடு, 15 நாளுக்குள் மஸ்டர் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வராவிட்டால் இதே கோரிக்கைகளை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் மாநில மனநல ஆணையத்திடமும் மனுவாகக் கொடுப்போம். மனு தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
எல்லை மலைத்தோட்டங்களில் இந்த நோயோடு வாழ்கிறவர்களும் அவர்களோடு நிற்பவர்களும்